தாளில் ஆறு, கரையில் ஐந்து

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனம் பெருக்கும் காலம். பூம்புகாரில் அந்த இரண்டு மாதமும் வலை பின்னும் கூடம் நிரம்பி வழியும். கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ஒரு தூணுக்கு அருகில், சிமெண்டுத் தரையில் ஆணியால் கீறிய ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருக்கிறது. படகுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தை யாரோ அந்தக் கோடுகளில் இழுகியிருக்கிறார்கள். வலையில் கை ஓய்ந்தவர்கள் அதன் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டுக்குக் கிளிஞ்சல், புலிக்கு மூன்று கருங்கல் சில்லு.

போன தடைக்காலத்தில் ஒரு மதியம், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு வீட்டிலிருந்த ஒரு பையன் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். சென்னையிலிருந்து வந்த அத்தை வாங்கிக் கொடுத்தது. துணியில் அச்சிட்ட கட்டம், மெருகேற்றிய மரக்காய்கள், வழவழப்பான தாளில் விதிமுறை. எல்லோரும் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் புலியை எடுத்துக்கொண்டார், பையன் ஆட்டை எடுத்துக்கொண்டான். ஐந்தாவது ஆட்டை வெட்டியதும் பெரியவர், "முடிஞ்சுது, கலை" என்றார்.

"இல்ல தாத்தா, ஆறு வெட்டணும். தாள்ல போட்டிருக்கு."

"யாரு போட்டது?"

"கம்பெனிக்காரங்க."

"அவுங்க எந்தக் கரை? நம்ம கரையில அஞ்சுதான். எங்கப்பன் காலத்துலேருந்து அஞ்சு."

பையன் தாளை நீட்டினான். பெரியவர் அதை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே அந்த மரப்புலியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் முகத்தில் வந்துபோன இரண்டு உணர்ச்சிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நெஞ்சுக்கு நெருக்கமான ஓர் ஆட்டத்துக்குப் புதுப் பதிப்பு வரும்போது மகிழ்ச்சியும் மனத்தாங்கலும் ஏன் சேர்ந்தே வருகின்றன? அந்த மனத்தாங்கல் நியாயமானதா? நியாயமென்றால், அது யார் மீது, எதற்காக?

ஆட்டப்பலகை தமிழருக்குப் புதிதல்ல. சங்க நூல்களில் பலகை ஆட்டத்துக்கு 'வல்' என்று பெயர். காய்க்கு 'நாய்'. அந்தச் சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் இருந்தன என்பதற்கு நல்ல சான்று தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. 'வல்' என்ற சொல் 'நாய்' என்ற சொல்லோடும் 'பலகை' என்ற சொல்லோடும் சேரும்போது எப்படிப் புணரும் என்று எழுத்ததிகாரம் தனியாக விதி சொல்கிறது. ஆட்டக்காயும் ஆட்டப்பலகையும் அன்றாடப் பேச்சில் இல்லாமல் இலக்கணக்காரர் அதற்கு மெனக்கெட்டிருக்க மாட்டார். கீழடி அகழாய்வில் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கிலும், கூடவே ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்தன. மண்ணும் நூலும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

புறநானூற்றின் 52ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு பாழூரைக் காட்டுகிறார். பொதுமன்றத்தில் நரைத்த கிழவர்கள் நாள்தோறும் காய் வைத்து ஆடி ஆடித் தரை குழிந்துபோயிருக்கிறது. இப்போது ஊரில் ஆளில்லை. அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. போரின் அழிவைச் சொல்ல வந்தவர் இடிந்த மாடத்தைக் காட்டியிருக்கலாம், எரிந்த நெற்கூட்டைக் காட்டியிருக்கலாம். ஆள் இல்லாத ஆட்டக்களத்தைக் காட்டினார். ஆட்டம் என்பது காயும் கட்டமும் அல்ல, எதிரே உட்காரும் ஆள் என்று எனக்கு முதலில் புரியவைத்தது அந்தப் பாட்டுத்தான்.

எங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. பட்டினப்பாலை பழைய பூம்புகாரான காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தைப் பாடும்போது, காயும் நெல்லைக் கொத்த வரும் கோழி மீது பெண்கள் காதணியைக் கழற்றி எறிய, அது சிறுவர்களின் மூன்று உருளைச் சிறுதேரைத் தடுக்கிறது. வணிகப் பெருநகரத்தின் செல்வத்தைச் சொல்லவும் புலவருக்குப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளே உதவியிருக்கிறது.

இந்தப் பாட்டுகள் நமக்குத் தெரிவதே அச்சுப் பதிப்பின் தயவால்தான். 1889இல் பத்துப்பாட்டும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் உ.வே.சாமிநாதையரால் அச்சேறின. ஏட்டில் கரையான் தின்றுகொண்டிருந்ததை அச்சு காப்பாற்றியது. ஆகவே பதிப்பு என்றாலே பழையதைக் கெடுப்பது என்று தொடங்குவது நேர்மையல்ல. ஏடு ஏடாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் அந்தக் காட்டுக்கோழியை யாரும் பார்த்திருக்கமாட்டோம்.

ஆனால் ஆட்டம் நூல் இல்லை. நூலுக்கு மூலபாடம் என்று ஒன்றைத் தேடலாம். ஆட்டத்துக்கு மூலபாடம் எது?

சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். திருவாரூர் மாவட்டத்தில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் பூவனூர் இருக்கிறது. அங்கே சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை முதியவர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தக் கோயில் நாடெங்கும் பேசப்பட்டது. அந்தக் கதையில் இறைவன் ஆடிய ஆட்டமும் மாமல்லபுரத்தில் ஆடிய ஆட்டமும் ஒன்றல்ல. பழைய சதுரங்கத்தில் அரசனுக்குப் பக்கத்தில் நின்றவர் மந்திரி. குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்வார், அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் அந்தக் காய் ராணியாகி, பலகையின் எந்த மூலைக்கும் பாயும் வலிமை பெற்றது. அன்றைக்கே அங்கே அதை வெறிபிடித்த ராணியின் ஆட்டம் என்று அழைத்தார்கள். பழகியவர்களுக்குப் புதுப் பதிப்பு அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டில் உள்ளூர் விதிகள் இருபதாம் நூற்றாண்டு வரை நின்றன. சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். அரசன் ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் இந்த இந்திய முறையில் வளர்ந்தவர். ஐரோப்பிய விதியைப் பிறகு கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். புதுப் பதிப்பு அவருக்கு உலகத்தைத் திறந்துவிட்டது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனதும் அதே பொது விதியால்தான். ஊருக்கு ஒரு விதி இருந்திருந்தால் சிங்கப்பூரில் உட்கார்ந்து சீனரோடு ஆடியிருக்க முடியாது. இதில் இழப்பு உண்டா என்றால் உண்டு. ஒரே ஒரு முறை தாவும் அந்த அரசனை இன்று யாரும் ஆடிக் காட்டுவதில்லை. ஆனாலும் தமிழ் வாய் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. வலிமையெல்லாம் கூடிய பிறகும் பல வீடுகளில் அந்தக் காய் இன்னும் மந்திரிதான்.

பரமபதத்தின் கதை இதைவிட வருத்தம் தருவது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடுவது. எங்கள் வீட்டில் இருந்தது கோயில் வாசல் கடையில் வாங்கிய மட்டமான தாள். மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியது. ஒவ்வொரு பாம்புக்கும் ஓர் அசுரன் பெயர். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஆட மாட்டாள். யாரையாவது பாம்பு கடித்தால் ஆட்டம் நிற்கும். "இரணியன் வாயில விழுந்தியா? ஏன் விழுந்தே தெரியுமா?" என்று தொடங்குவாள். கதை முடியும்வரை அடுத்தவர் சோழி உருட்டக் கூடாது. கடிபட்டவன் அந்தக் கதைக்குள் இருப்பான், மற்றவர்கள் அவனைக் கேள்வி கேட்பார்கள். நீ பிரகலாதனின் அப்பனாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? என் தம்பி ஒரு தரம் இரணியனுக்காக அழுது வாதாடியிருக்கிறான். விடியற்காலம் வரையிலும் ஒருவரும் வைகுண்டம் போய்ச் சேராத இரவுகள் இருந்தன.

இந்த ஆட்டம் 1890களில் இங்கிலாந்து போனது. முதலில் நம் நன்மை தீமைகளுக்குப் பதிலாக அவர்களுடைய நன்மை தீமைகளை எழுதினார்கள். சோம்பல், கீழ்ப்படியாமை போன்றவை பாம்பாயின. பிறகு அந்த எழுத்தும் போய் வெறும் எண்கள் மிஞ்சின. ஏணியும் பாம்பும் ஏறத்தாழச் சமமாக்கப்பட்டன. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி கம்பெனி பாம்பையும் எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. எண்ணும் பாம்பும் மிஞ்சிய அந்த 100 கட்டத்து ஆங்கில ஆட்டம் திரும்ப நம்மூர்க் கடைக்கு 'ஸ்னேக் அண்ட் லேடர்' என்று வந்தது. எங்கள் வீட்டுக்கும் அந்த அட்டை வந்தது. பளிச்சென்ற நிறம், கிழியாத அட்டை. பாட்டி அதையும் ஆவலாகப் பக்கத்தில் வந்து பார்த்தாள். ஒரு பாம்பின் மேலும் பெயரில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அந்த ஆட்டத்தில் வேலை இல்லாமல் போய்விட்டது. கட்டம் கூடியதோ குறைந்ததோ எங்களுக்கு உறைக்கவில்லை. பாட்டி எழுந்து போனது உறைத்தது.

கதைசொல்லி ஒருவர் நடுவில் உட்கார்ந்து நடத்த, மற்றவர்கள் ஒரு பாத்திரமாக மாறி ஆடும் மேசை விளையாட்டு மேற்கில் 1974இல் அச்சில் வந்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். முதல் அச்சு 1,000 படி, பெட்டிகளைக் கையாலேயே அடுக்கினார்கள். ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் மதகுரு. நடத்துபவர் குகையையும் காட்டையும் விவரிப்பார். நீ என்ன செய்கிறாய் என்று கேட்பார். பகடை உருளும். பாட்டி செய்ததற்கு மிக அருகில் இருக்கும் ஓர் ஆட்டம்.

புதுப் பதிப்பு பற்றிய மனக்கலக்கத்தை அந்த ஆட்டக்காரர்கள் அளவுக்கு நீளமாக அனுபவித்தவர்கள் குறைவு. அவர்கள் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். தொடக்கத்தில் கைகாக்ஸ், விட்டுப்போனதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும் நாங்கள் ஏன் செய்து தரவேண்டும் என்ற பொருளில் எழுதினார். 1977இல் 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் விரிவான பதிப்பு தொடங்கியபோது அதே கைகாக்ஸ், ஊருக்கு ஊர் வேறாக ஆடினால் பொதுப் போட்டி நடத்த முடியாது, எல்லோரும் ஒரே விதிக்கு வரவேண்டும் என்று வாதிட்டார். ஒரே மனிதருக்குள் கரையும் தாளும் சண்டையிட்டிருக்கின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு தேவையும் உண்மையானவை.

1989இல் இரண்டாம் பதிப்பு. பேய்களை ஆடுகிறார்கள் என்று பெற்றோர் அமைப்புகள் கூச்சல் போட்டதால் அதில் பேய்களின் பெயர்களை மாற்றினார்கள். 1997இல் ஆட்டத்தை வெளியிட்ட கம்பெனி கைமாறியது. 2000இல் மூன்றாம் பதிப்பு கணக்கு முறைகளை ஒழுங்குபடுத்தி, ஒரு திறந்த உரிமத்தையும் கொடுத்தது. இந்த விதியை எடுத்து யாரும் தங்கள் நூலை எழுதி விற்கலாம். மூன்றே ஆண்டில் திருத்திய பதிப்பு வந்தபோது, புத்தகம் வாங்கிய கடன் தீரவில்லை என்று ஆட்டக்காரர்கள் குமுறினார்கள். 2008 மார்ச்சில் கைகாக்ஸ் இறந்தார். அந்த ஜூனில் நான்காம் பதிப்பு வந்தது. சண்டைக் காட்சிகள் கட்டம் போட்ட பலகையில் நுட்பமாக நடந்தன. புதியவர்களில் பலருக்குப் பிடித்தது. பழையவர்களில் பலர், விதி நன்றாயிருக்கிறது, ஆனால் இது எங்கள் ஆட்டம் இல்லை என்றார்கள். அவர்கள் வீட்டோடு முடங்கிவிடவில்லை. திறந்த உரிமம் இருந்ததால், பைசோ என்ற சிறு பதிப்பகம் மூன்றாம் பதிப்பின் விதிகளை எடுத்துத் திருத்தி 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்று வெளியிட்டது. சில ஆண்டுகள் மூல ஆட்டத்துக்கே அது கடும் போட்டியாக நின்றது. அதற்கும் பழைய 1970களின் விதிகளை விரும்பியவர்கள் தனியாக மறுபதிப்புகள் செய்துகொண்டார்கள்.

கம்பெனி பாடம் கற்றது. 2012இலிருந்து வரைவு விதிகளை ஆட்டக்காரர்களிடமே கொடுத்து, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டு, 2014இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. அந்த ஆட்டத்தின் வரலாற்றில் மிகப் பரவலாகப் போன பதிப்பு அது. ஆனால் 2023 ஜனவரியில், அந்தத் திறந்த உரிமத்தை இறுக்கப் போகிறார்கள் என்ற வரைவு வெளியே கசிந்தது. விதியில் ஒரு எழுத்து மாறவில்லை, கதவைத்தான் சாத்தப் பார்த்தார்கள். அதற்கு எழுந்த எதிர்ப்பு எந்தப் பதிப்புக்கும் எழாத அளவுக்குப் பெரியது. சந்தா கட்டியவர்கள் கூட்டமாக விலகினார்கள். சில வாரங்களில் கம்பெனி பின்வாங்கி, அடிப்படை விதிகளைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் விட்டுவிட்டது. பிறகு 50ஆம் ஆண்டான 2024 செப்டம்பரில் திருத்திய ஆட்டக்காரர் நூல் வந்தது. பாத்திரங்களைப் பிறப்பு வழியே 'இனம்' என்று பிரித்த சொல்லை எடுத்துவிட்டார்கள். பிறப்பால் வரும் உடல்வலிமையும் அறிவும் என்ற கணக்கைப் பாத்திரத்தின் வளர்ப்புக்கும் தொழிலுக்கும் மாற்றினார்கள். பழகியவர்கள் சிலருக்கு அது உறுத்தியது. எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. பிறப்பு ஒருவன் தலையெழுத்தை எழுதுமா என்ற கேள்வி நமக்குத் தொலைவானதல்ல.

ஏனென்றால் நம் பழைய பதிப்புகளும் எல்லோரையும் உட்கார வைத்தவை அல்ல. டெல்டாக் கோயில்களின் மண்டபத் தரையில் ஆடுபுலிக் கட்டமும் தாயக் கட்டமும் வெட்டியிருப்பதைக் காட்டிப் பூரிக்கிறோம். அந்த மண்டபத்துக்குள் காலடி வைக்கவே ஒரு பெருங்கூட்டத்துக்கு உரிமை இல்லாமல் இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவை எல்லா இந்துக்களுக்கும் உரிமையாக்கிய சட்டம் வந்தது 1947இல். தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' எழுதியபோது ஆண்பால், பெண்பால், இருபால் என்றே பகுத்தார். வாழ்க்கை அப்படித்தான் பகுத்திருந்தது. பல்லாங்குழி, பூப்பெய்திய பெண்ணைத் தனியே உட்கார வைத்த நாட்களின் துணை. தடைக்காலக் கூடத்தில் இன்றும் பெண்கள் ஆடுபுலிக்கு உட்காருவதில்லை. மீன் விற்கும் இடத்தில் அவர்களுக்கு ஓய்வும் இல்லை. பெட்டியில் வந்த ஆட்டம் இந்த வேலிகளைத் தாண்டிவிடுகிறது. அந்தப் பையன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான், தங்கை ஆடினாள், அவள் புலியாக ஆடினாள். தரைக்கட்டத்தால் அது நடந்திருக்காது.

இப்போது தாயத்துக்கு வருகிறேன். பெட்டிப் பதிப்பில் எனக்குள்ள உண்மையான வருத்தம் இங்கேதான்.

எங்கள் வீட்டுத் தாயக்கட்டை பித்தளை. விரல் நீளம், நான்கு முகம். ஒரு முகம் மொட்டை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டு கட்டையையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டிவிட்டால் மொத்தம் 16 விதமாக விழலாம். ஒரு மொட்டையும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் தாயம். அது 16இல் 2 முறை. இரண்டும் மொட்டையாக விழுந்தால் பன்னிரண்டு, 16இல் ஒரே முறை. ஆறும் அப்படியே ஒரே முறை. மூன்று மட்டும் 16இல் 4 முறை விழும். அதனால்தான் தாயம் ஆடுகிறவர்கள் எதிரி காய்க்கு மூன்று கட்டம் முன்னால் நிற்கப் பயப்படுவார்கள், ஆறு கட்டம் தள்ளி நின்றால் மூச்சு விடுவார்கள். என் அத்தையிடம் இந்தக் கணக்கைக் கேட்டால் தெரியாது. ஆனால் அவள் காய் ஒரு நாளும் மூன்றில் நிற்காது.

நான் வாங்கிய ஒரு மலிவான பெட்டியில் தாயக்கட்டைக்குப் பதிலாக லூடோப் பகடை இருந்தது. ஆறுமுகப் பகடையில் ஒன்று விழுவது ஆறில் ஒரு முறை. தாயம் போட்டால்தான் காய் இறங்கும் என்ற காத்திருப்பு, எட்டில் ஒன்றாக இருந்தது, சட்டென்று சுருங்கிவிடுகிறது. மூன்றும் ஆறும் ஒரே மாதிரி விழுகின்றன. பன்னிரண்டு விழவே விழாது. கட்டம் அதே கட்டம், வெட்டுப்படாமல் நிற்கும் மலை அதே மலை, சுற்றி முடித்துப் பழம் எடுப்பது அதே மாதிரி. ஆனால் அத்தை ஐம்பது ஆண்டில் சேர்த்த சாமர்த்தியம் முழுவதும் அந்த ஒரு பகடையில் செல்லாக்காசு ஆகிவிட்டது. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, "கை ஒத்துவரலடா" என்றாள். கையில் ஒன்றும் குறையில்லை. செய்தவர்கள் அந்த ஆட்டத்தை உட்கார்ந்து ஆடிப் பார்க்கவில்லை, அதுதான் குறை.

எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. 2002இல் சென்னையில் வினிதா சித்தார்த்தா தொடங்கிய கிரீடா, பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பித்தளைக் கட்டையும் சோழியும் வைத்தே பெட்டிகளாக்கியது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம், கைவினைஞர்களைக் கொண்டு ஆட்டப்பலகைகளைச் செய்வித்துக் கண்காட்சிகள் நடத்தியது. அந்த ஊருக்கு அது பொருந்தும். 19ஆம் நூற்றாண்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தாமே புதிய பலகை ஆட்டங்களை வகுத்தவர். தஞ்சை, மயிலாடுதுறைப் பக்கம் கல்யாணச் சீரில் பல்லாங்குழிப் பலகை வைக்கும் வழக்கம் தேய்ந்துபோன வீடுகளில், கொலுப் படிக்கு வாங்கிய பலகையை எடுத்து இன்று பேரப்பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால், அது இப்படிப்பட்டவர்கள் 20 ஆண்டாகச் செய்த வேலையின் பலன். கைபேசியில் வந்த லூடோ கிங் 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வீடு நுழைந்ததையும் நான் வெறுக்கவில்லை. துபாயில் இருந்த மாமா எங்களோடு ஆடியது அதில்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் சண்டை வராது. காய் வெட்டலாமா கூடாதா என்பதைக் கைபேசியே தீர்த்துவிடும். மாமா அடிக்கும் பேச்சுக் கச்சேரிக்கு இடமே கிடைக்கவில்லை.

சண்டை என்று நான் சொல்வது குறையை அல்ல. பல்லாங்குழியில் 14 குழி. ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வோம். கை ஓய்ந்த இடத்தில் அடுத்த குழி காலியாக இருந்தால் துடைத்துவிட்டு அதற்கடுத்ததை அள்ளுவோம். இதுவரை டெல்டா முழுவதும் ஒன்று. குழிக்கு ஐந்தா ஆறா, எதிராளி பக்கத்துப் பசு யாருக்கு, தோற்றவள் அடுத்த ஆட்டத்தில் எத்தனை குழியை மூடவேண்டும் என்று கேட்டால் தெருவுக்குத் தெரு வேறு பதில். பாவாணர் தம் நூலில் பாண்டிநாட்டு முறை, சோழகொங்குநாட்டு முறை என்று பிரித்துப் பிரித்து எழுதியதன் அருமை இங்கேதான் தெரிகிறது. அவர் எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கே எப்படி என்று எழுதிவைத்தார். மருமகள் வேறு ஊரிலிருந்து வந்து உட்கார்ந்ததும் முதல் சச்சரவு விதியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்தச் சச்சரவில் அவள் ஊர், அவள் அம்மா, அவள் தெரு எல்லாம் இந்த வீட்டுக்குள் வரும்.

ஆகவே என் வழக்கு விதியை மாற்றியவர்கள் மீது அல்ல. மாறாத ஆட்டம் எங்கும் இருந்ததில்லை. மந்திரி ராணியானதையும் இரணியன் பெயரில்லாத பாம்பானதையும் நான் ஒன்றாக எண்ண மாட்டேன். முன்னதில் புது ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள், பின்னதில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து போனாள். ஒரு புதுப் பதிப்பை எடைபோட எனக்கு அந்த ஒரு படிக்கல் போதும்: யார் உட்காருகிறார்கள், யார் எழுந்து போகிறார்கள். அப்படிப் பார்த்தால் பெரியவரின் மனத்தாங்கல் ஆறு என்ற எண்ணின் மேல் இல்லை. அந்தத் தாளில் அவருடைய ஐந்துக்கு ஒரு வரி இடம் இல்லை என்பதன் மேல்தான். பெட்டி செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்காது. விதித்தாளின் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள். 'உங்கள் வீட்டில் எப்படி?' என்று மேலே ஒரு வரி அச்சிடுங்கள். பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போவார்கள்.

அந்தக் காலிப் பக்கத்தை நானே நிரப்பத் தொடங்கியிருக்கிறேன். இந்த மார்கழியில் ஒரு நோட்டு வாங்கி, மேலையூரிலும் பூம்புகாரிலும் தாயம் ஆடுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். வெட்டு எடுக்காமல் உள்கட்டத்துக்குள் போகக் கூடாது. இதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு ஆட்டம். அதிலும் ஒத்துப்போகிறார்கள். மலையில் இரண்டு எதிரிக் காய்கள் சேர்ந்து நிற்கலாமா என்று கேட்டேன். அத்தை நிற்கலாம் என்றாள். மூன்று வீடு தள்ளி இருக்கும் அவளுடைய தோழி, அறுபது ஆண்டாக அவளோடு ஆடுகிறவள், கூடவே கூடாது என்றாள். அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஆடினீர்கள் என்று கேட்டேன்.

"அவ வீட்டுல ஆடுனா அவ சொல்றது, எங்க வீட்டுல ஆடுனா நான் சொல்றது" என்றாள் அத்தை.

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.